தினமும் எட்டு மைல்

இங்கிலாந்துக் கிராமங்களை சைக்கிளில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை வந்தது, நாங்கள் டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரில் வீடு வாங்கிய மறு வருடம். ஆசை என்பதுகூடத் தப்பு. ஆபீசில் பக்கத்து சீட்டு அமெரிக்கன் போய்விட்டு வந்து போட்டோ காட்டியிருக்கிறான், இவருக்குப் பொறுக்கவில்லை. பால் வாங்கப் பத்து நிமிஷம் கார் ஓட்ட வேண்டிய ஊர் எங்களுடையது. தெருமுனையில் இருக்கிற தபால் பெட்டிக்கே காரில் போய், கண்ணாடியை இறக்கி, கையை மட்டும் நீட்டிக் கடிதம் எடுக்கிற மனுஷர் ஆறு நாளில் நூற்றெண்பது மைல் மிதிக்கப் போகிறாராம்.

வழுவழுவென்று ஒரு புத்தகம் தபாலில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சைப் புல், கல் வீடு, செம்மறி ஆடு. 'ரோலிங் ஹில்ஸ்' என்று போட்டிருந்தான். மேடும் பள்ளமும் என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஆறு நாளுக்கும் வழி எழுதியிருந்தது. சர்ச் தாண்டி இடது பக்கம், சாராயக்கடை தாண்டி வலது பக்கம், அப்புறம் அடுத்த சர்ச் வரைக்கும் நேராக. ஜூன் மாதம் ஊருக்குப் போகிற வழியில் லண்டனில் இறங்கி இதை முடித்துவிட்டுப் போவதாகத் திட்டம். நம் பெட்டிகளை அவர்களே வேனில் ஏற்றி அடுத்த ஊர் விடுதியில் வைத்துவிடுவார்களாம்.

"அப்ப நம்மளையும் அந்த வேன்லயே ஏத்திக்கச் சொல்லுங்களேன்," என்றேன்.

"ஒனக்கென்ன, நீ பறந்துடுவ. நான்தான் ப்ராக்டிஸ் பண்ணணும்," என்றார்.

 எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

எல்லாம் என் பெரியப்பாவின் வாய் செய்த வேலை. இவர் கரூரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை கொஞ்சம் மாடர்னான பெண்ணாகக் கேட்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். பெரியப்பா பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடித்துவிட்டார் பாருங்கள்: "பொண்ணு காலேஜுக்கு தெனமும் எட்டு மைல் சைக்கிள்லதாங்க போய்ட்டு வருது. எந்தப் பையனும் முந்த முடியாதுங்க." நான் போனது டவுன் பஸ்ஸில், படிக்கட்டுப் பக்கம் நசுங்கிக்கொண்டு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் இன்னும் கீழே குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கல்யாணம் முடிந்து அமெரிக்கா வந்த பிறகு அந்தப் பொய்யை நான் மறந்தே போயிருப்பேன். இவர் மறக்கவில்லை. எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், தட்டில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும். "என் வைஃப் காலேஜுக்கு டெய்லி எட்டு மைல் சைக்கிள்! இங்க இருக்கற லேடீஸ்ல யாராவது உண்டா?" நான் எம்.எஸ்ஸி. கணக்கு, யூனிவர்சிட்டியில் மூன்றாவதாக வந்தவள். என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது என்பதால் அந்தச் சர்டிபிகேட் அலமாரியில் புடவைக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வீட்டிலும் வாய் திறந்ததில்லை. ஒன்பது வருடத்தில் என்னைப் பற்றி அவர் வாயாரப் பெருமைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. அதுவும் நான் செய்யாதது. அது போய்விட்டால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள என்னைப் பற்றி அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. விழுந்து கை கால் முறிவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, இதைப் பற்றித்தான் பயந்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் இரண்டு சைக்கிள் வந்து இறங்கின. அவருடையதில் இருபத்தோரு கியர். தலைக்கு ஒரு தொப்பி, கைக்கு விரல் இல்லாத உறை, தொடையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கறுப்பு டவுசர். அந்தக் கோலத்தில் அவர் கராஜிலிருந்து வெளியே வந்தபோது எட்டு வயது மகள், "ஓ மை காட், அப்பா!" என்று முகத்தை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் என்னையும் ப்ராக்டிசுக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு எதுக்குங்க ப்ராக்டிஸ்? தெனமும் எட்டு மைல் போனவ நான்," என்றேன். வாய் கூசவில்லை. அவர் பூரித்துப்போய்த் தனியாகக் கிளம்பினார், இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து தண்ணீர் கேட்டார்.

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது என் மகள்தான். அவளைத் தவிர வேறு யாரிடம் போய்ச் சொல்வது? அவள் பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணிக்கு வருவாள், அவர் ஏழு மணிக்கு வருவார். இடையில்தான் எங்கள் பாடம். எங்கள் குடியிருப்பைக் கட்டியவன் எல்லாத் தெருவுக்கும் இங்கிலாந்துக் கிராமங்களின் பெயரை வைத்திருந்தான். எங்கள் வீட்டுக்குப் பின்தெரு பைபரி. தோசைக்கல் போலத் தட்டையாக ஒரு தெரு, இடுப்பு உயரத்துக்கு நாலு மரக்கன்று, மண்டையைப் பிளக்கும் டெக்சாஸ் வெயில். அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர், ஒரு பவிசு!

மகள் சீட்டை இறக்கி என் இரண்டு காலும் தரையில் படும்படி வைத்தாள். "ஜஸ்ட் வாக், அம்மா. தென் லிஃப்ட் யுவர் ஃபீட்."

"தூக்கினா விழுந்துடுவேன்டி."

"டோன்ட் லுக் டவுன்! நேரா பாரு!" அவள் தமிழில் பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

முதல் வாரம் நடந்தேன். இரண்டாவது வாரம் பெடலில் கால் வைத்தேன். பைபரித் தெருவில் நாலு தடவை விழுந்தேன், நாலாவது தடவை ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டியோடு சேர்ந்து. முட்டி கிழிந்து ரத்தம் வழிந்தது. திரைச்சீலையை விலக்கி ஒரு வெள்ளைக்காரக் கிழவி வேடிக்கை பார்த்தாள். முப்பத்துமூன்று வயதில் இது என்ன தலையெழுத்து என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முட்டியைக் கழுவிவிட்டு, "அகெய்ன்," என்றாள். குளிக்கும்போது வழுக்கிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அப்பாவிடம் ஏன் சொல்லக் கூடாது என்று மகளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

ஒன்பது வாரத்தில் நான் ஓட்டினேன். வளைந்து திரும்பினேன், ஒற்றைக் கையில் ஓட்டினேன், சாயங்காலம் குடியிருப்பையே மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன்.

இங்கிலாந்தில் வாடகை சைக்கிள், அவர் கேட்டு வாங்கியதிலும் இருபத்தோரு கியர். முதல் மூன்று நாளும் மழை. புத்தகத்தில் மழையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ரொட்டி, உருளைக்கிழங்கு, மறுபடியும் ரொட்டி. ஆடுகள் நடுரோட்டில் நின்றுகொண்டு, நாங்கள்தான் வழி மறிப்பவர்கள் என்பதுபோல முறைத்தன. வழி எழுதிய காகிதம் நனைந்து கூழாகிவிட, எந்த சர்ச்சுக்கு இடது பக்கம் என்று தெரியாமல் ஒரே சாராயக்கடையை இரண்டு முறை பார்த்தோம். நிஜமான பைபரியும் வழியில் வந்தது. அங்கே நான் ஒரு தடவைகூட விழவில்லை. மகளுக்கென்று, முன்சக்கரம் இல்லாமல் பெரிய சைக்கிளோடு கோத்து இழுக்கிற ஒரு குட்டி சைக்கிளை அவர் தன் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். நாலாம் நாள் ஒரு பெரிய மேட்டின் பாதியில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டார். அவள் வண்டியைக் கழற்றி என் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அவள் "கோ, அம்மா, கோ!" என்று கத்த, இறங்காமல் உச்சி வரை மிதித்தேன். என் ஜென்மத்தில் அப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்லை.

கால் மணி நேரம் கழித்து இருபத்தோரு கியரையும் தள்ளிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் போட்டோ எடுத்தார். "சும்மாவா! காலேஜ்ல எட்டு மைல் போன காலாச்சே. உங்க பெரியப்பா அன்னிக்கே சொன்னாரு!"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மிதித்தது நான், முட்டி கிழிந்தது எனக்கு, பேர் பெரியப்பாவுக்கா? சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தில் அத்தனை பெருமை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, வெட்கங்கெட்டவள்.

ஊருக்குப் போய் ரவுண்ட் ராக் திரும்பியதும், ஒரு நண்பர் வீட்டில் இவர் போட்டோ ஆல்பத்தைப் பிரித்தார். இவர் சொன்ன கதையில் எட்டு மைல் பத்து மைல் ஆகியிருந்தது. காலேஜ் வழியில் இல்லாத ஒரு பாலமும் சேர்ந்திருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நோ, அப்பா. அம்மாக்கு நான்தான் டீச் பண்ணேன். பைபரி ஸ்ட்ரீட்ல," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சும்மா சொல்றா," என்றவர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு," என்றார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொய்க்காரி ஆக்க என்னால் முடியவில்லை. "அவ சொல்றது நெஜந்தாங்க," என்றேன். "காலேஜுக்கு நான் டவுன் பஸ்லதான் போனேன். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துலதான் கத்துக்கிட்டேன்."

"அடேயப்பா! ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டா அந்த மேட்டை ஏறினீங்க?" என்று அந்த வீட்டுப் பெண் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் அதை மெதுவாக வாங்கி மூடி வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஃப்ரீவேயில் ஏற்றினார். பிறகு, "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே," என்றார்.

அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அந்த சைக்கிள் கதையை அவர் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக என்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வேறு எதுவும் கிடைக்கவுமில்லை.