தீயணைப்புப் பாடத்தில் பெய்த மழை

மிஸ்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் யாராவது கேட்டால் அவள் மாமியார் அலிமா, “பாடத்த மூட்ட கட்டுதா” என்று சொல்லிவிடுவாள். ஏறக்குறைய சரிதான்.

கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கணினியில் பாடம் நடத்துகின்றன. ஒருவர் செய்த பாடம் இன்னொருவருடைய தளத்தில் ஓட வேண்டும். யார் எதுவரை படித்தார், முடித்தாரா இல்லையா என்று பாடமே அந்தத் தளத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதற்காகப் பொதுவாக வகுத்த முறைக்கு ஸ்கார்ம் என்று பெயர். படம், குரல், கேள்வி எல்லாவற்றையும் அந்த முறைப்படி ஒரே ஜிப் கோப்பாக்கிச் சென்னையிலிருக்கும் நாகராஜனுக்கு அனுப்புவது மிஸ்ரியாவின் வேலை. அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்று அவள் கேட்டதில்லை. எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் ஓட வேண்டும் என்பதுதானே அந்த முறையின் பெருமை. அவள் கணவன் முகம்மது ரபீக்குக்கும் அதே பெருமை உண்டு. துபாய், தம்மாம், இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கு. எங்கே போட்டாலும் ஓடுவான்.

போன வருஷம் தீயணைப்புப் பாடம் ஒன்றுக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் வராமல் போக, மிஸ்ரியாவே பேசிக் கொடுத்தாள். மாடியில் தகரக் கூரை போட்ட அறை. குற்றாலத்தில் சாரல் காலம். கடைசிப் பாடத்தில் “தீ பரவினால் பதற்றப்படாமல் வெளியேறுங்கள்” என்று அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல, தகரத்தில் மழை கொட்டியது. கீழிருந்து அலிமாவின் குரல்: “ஏட்டி, துணி நனையுதுட்டி! எங்க கெடக்க?” அதை மறுபடி பேசித் திருத்தினாள். மூட்டை கட்டும்போது மட்டும் தெரியாமல் பழைய ஒலிக்கோப்பை வைத்துக் கட்டிவிட்டாள். தமிழ் ஆட்களுக்காக அதை வாங்கிய அதிகாரிகளில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. எனவே குற்றம் வெளியே வரவில்லை.

இந்த வருஷம் ரபீக்கின் கம்பெனி ஒரு பாதுகாப்புப் பாடம் வாங்கிப் போட்டது. முடித்ததாகத் தளத்தில் பதிவானால்தான் லீவுக் காகிதம் நகரும். இரண்டு சாரலைத் தவறவிட்டவன் அவன். இந்தச் சாரலுக்காவது வந்துவிட வேண்டும் என்று மிஸ்ரியா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பாடத்துல உன் குரல்தாட்டி கேக்கு!” என்றான் போனில். அவளுக்கு ஒரே பூரிப்பு. அடுத்த வாரம், “நல்லாத்தான் ஓடுது. ஆனா முடிய மாட்டேங்கு” என்றான். பூரிப்பு அடங்கிவிட்டது. தான் கட்டிய மூட்டையே தன் புருஷனை வரவிடாமல் மறிக்கிறதா? எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள், சோதனைத் தளத்தில் ஏற்றி, சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினாள். அங்கே பாடம் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக முடிந்தது.

வேறு வழியின்றி நாகராஜனிடம் கேட்டாள். அவர் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மத்தவங்க எல்லாரும் முடிச்சாச்சும்மா. ஒரே ஒருத்தர்தான் பாக்கி. தினம் திறக்கிறார், கடைசிப் பாடம் வரைக்கும் வர்றார், பொத்தானை அழுத்தாம மூடிடறார். தூங்கிடறாரோ என்னமோ.”

புருஷனைக் காட்டிக்கொடுத்தது அவள் கட்டிய மூட்டைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரபீக் வீடியோவில் வந்தான்.

“மச்சான், அந்தப் பொத்தான ஏன் அமுக்கல?”

“எந்தப் பொத்தான்?”

“இந்த நடிப்பெல்லாம் உங்க ஷார்ஜாவோட வச்சுக்கிடுங்க. ‘முடித்தேன்’னு பச்சையா ஒண்ணு இருக்குல்லா.”

அவன் தலையைச் சொறிந்தான். “அத அமுக்கினா பாடம் பூட்டிக்கிடுதுட்டி. பெறகு தெறக்காது. கூட இருக்க நம்பிராஜனுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“பூட்டினா பூட்டட்டும். தீயணைக்கத எத்தன தடவ கேப்பிய?”

“தீய யாருட்டி கேக்கா? பின்னால நம்ம தகரத்துல மழ பெய்யுது. உம்மா துணிய எடுக்கச் சொல்லிக் கத்துதா.”

அப்போதுதான் அவளுக்குத் தன் தவறு தெரிந்தது. தொழிலில் அவமானம். ஆனாலும் அவமானப்பட வரவில்லை.

“நீயும் அதுல ‘பதற்றப்படாதீர்கள்’ங்க. எங்கிட்ட என்னைக்காவது அப்படிப் பேசியிருக்கியா?”

“அதுக்காக லீவ விடுவியளா?”

“அமுக்கின பெறகு லீவும் தரலன்னா? ரெண்டும் போயிரும்லா.”

வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காக வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட்டிருக்கிறான் மனுஷன். திட்டத்தான் வாயெடுத்தாள் மிஸ்ரியா. எடுத்த வாயில் வேறு குரல் வந்தது, பாடத்தில் பேசிய அதே குரல்.

“பயிற்சியை நிறைவு செய்ய, பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.” கொஞ்சம் நிறுத்தி, பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: “மச்சான்.”

ரபீக் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், கம்பெனி கொடுத்த டேப்லெட்டை எடுத்து, அவள் பார்க்கும்படி கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கினான்.

லீவு கிடைத்தது. கம்பெனி அதற்குரிய நிதானத்தோடு கொடுத்ததால், அவன் மேலகரம் வந்து சேர்ந்தபோது சாரல் ஏறக்குறைய விடைபெற்றிருந்தது. ஐந்தருவியில் தண்ணீரைவிட ஆள் அதிகம். ஆனாலும் மறுநாள் மத்தியானம், மாடி அறையில் இருவரும் இருந்தபோது, மிச்சமிருந்த மழையெல்லாம் தகரத்தின்மேல் வந்து விழுந்தது. மிஸ்ரியா ஏதோ சொன்னாள்.

“என்ன? கேக்கல.”

மறுபடி சொன்னாள்.

காது கொடுத்து நன்றாகக் கேட்டுவிட்டு, “கேக்கலட்டி. இன்னொரு தடவ சொல்லு” என்றான் ரபீக்.