நான்சி கேட்ட கேள்விகள்

1. மேஜைமேல் குடை

எழுபதுகளின் பிற்பாதியில் ஓர் அமெரிக்கக் கல்லூரி தன் மாணவர்களில் சிலரை ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி வந்தது. இங்குள்ள கல்லூரி வகுப்புகளில் ஓராண்டு உட்கார்ந்து படிப்பார்கள். அவர்களுக்குப் படிப்பில் சிக்கல் வந்தால் தீர்த்து வைப்பது என் வேலை. பதவியின் பெயர் அகாடமிக் அசிஸ்டென்ட். தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் இரண்டு அறைகள்தான் அலுவலகம். டியூஷன் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் வாரமே அந்த நினைப்பு போய்விட்டது.

பாட்டனி பேராசிரியர் வைத்தியநாதன் சார் மாடியேறி வந்தார். ஸ்ரீவராகத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். மடக்கிய குடையை என் மேஜைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

“அந்த நான்சி நாளைலேர்ந்து என் கிளாஸுக்கு வரவேண்டாம், கேட்டேளா.”

“என்ன சார் செஞ்சா?”

“கேள்வி கேக்கறா. நான் பேசிண்டிருக்கச்சயே கையைத் தூக்கறா. ஒரு ஹவர்ல நாலு தடவை. எனக்கே வைவா பரீட்சை வெக்கறாளாக்கும்.”

“அவங்க ஊர்ல அப்படித்தான் சார். கேள்வி கேட்டா அதுக்குத் தனி மார்க் உண்டு. அதையும் நீங்கதான் போடணும்.”

“கேள்வி கேட்டா மார்க்கா? அப்போ பதில் சொல்ற எனக்கு ஆரு மார்க் போடறது?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. சார் கையெழுத்துப் போடாவிட்டால் நான்சிக்கு அந்த வருஷப் படிப்பே கணக்கில் வராது. வந்தது வீண், ஊருக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காப்பி வாங்கிக் கொடுத்து, கெஞ்சி, ஒருவழியாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நான்சி கேள்வி கேட்கலாம். எழுந்து நின்று கேட்க வேண்டும். முதல் சொல் ‘சார்’ என்று இருக்க வேண்டும்.

நான்சி கொஞ்சம் முணுமுணுத்தாள். பிறகு ஒப்புக்கொண்டாள்.

2. பொன்முடிக்குப் போகாமலே

இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பெரிய சாதனை செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அப்போது குடை மறுபடியும் மேஜைக்கு வந்தது.

“இப்போ கேள்வியெல்லாம் வேற மாதிரி இருக்கு. நேத்து எழுந்து நின்னு கேக்கறா, கொழுந்து கிள்ளற தேயிலைச் செடி பூக்கறதில்லை, கிள்ளாம விட்ட செடி மட்டும் பூக்கறதே, ஏன்னு. இவ தேயிலைச் செடியை எங்கே பாத்தா? பொன்முடி மலைக்கு நேரா ஒரு பஸ் கிடையாது, இவ போகவும் இல்லை. ஆரோ பின்னாலேர்ந்து தூண்டிவிடறா. என்னைக் கிளாஸ்ல வெச்சுக் களியாக்கறா, பரிகாசம் பண்றா.”

“அப்படியெல்லாம் இருக்காது சார்.”

“ஆருன்னு தெரியணும். தெரியாம நான் கையெழுத்துப் போடப் போறதில்லை. வியாழக்கிழமை நீங்களே வந்து பின்னாடி உக்காந்து பாருங்கோ.”

அன்று சாயங்காலமே பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய் நான்சியைப் பிடித்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு கேள்வி சொல்வார்களாம், இவள் வகுப்பில் போய்க் கேட்பாளாம். தேயிலைக் கேள்வி செல்வியுடையது. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து ஸ்டைப்பண்ட் என்கிற உதவித்தொகையில் படிக்க வந்த பெண். கடைசி பெஞ்சு. வகுப்பில் ‘பிரசன்ட் சார்’ தவிர அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீயே கேட்டா என்ன?”

“அது பற்றாது டீச்சர், என்னால முடியாது. நான்சி கேட்டா, பாவம், வெளிநாட்டுப் பிள்ளை, அறியாம கேக்குதும்பாங்க. நான் கேட்டா, லயத்துல இருந்து வந்ததுக்கு என்ன அகங்காரம் பாருன்னுல்லா சொல்லுவாங்க. சாருக்குக் கோவம் வந்து மேல எழுதிப் போட்டா ஸ்டைப்பண்ட் போயிரும். பின்னே நான் அம்மா கூட மலையில கொழுந்து கிள்ளத்தான் போகணும்.”

அவள் பெயரைச் சொன்னால் அவள் படிப்புக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் நான்சியின் வருஷம் போகும். நான்சிதான் முடிவெடுத்தாள். “இனி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

3. எனி டவுட்ஸ்?

வியாழக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாடம் முடிந்தது. சார் சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“எனி டவுட்ஸ்?”

நான்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு நான்சியை. மணியடிக்க நேரமிருந்தது. பத்து நிமிடம் சும்மா நிற்பது ஒரு வாத்தியாருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் போய், ஏதோ ஏமாற்றம் மாதிரி வந்தது.

செல்வி எழுந்து நின்றாள்.

“சார், அந்தத் தேயிலைக் கேள்வி என்னுது.”

“உன்னுதா?”

“ஆமா சார். அதுக்கு முன்னாடி கேட்ட பாசிக் கேள்வியும்.”

நடு வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “காளான் கேள்வி என்றெதாக்கும் சார்.” அடுத்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு நின்றுகொண்டிருந்தது.

சார் நான்சியைப் பார்த்தார். “அப்போ உன் கேள்வி எது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“முதல் நாள் கேட்ட நாலும்தான், சார்” என்றாள் அவள். சாரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் செல்வியிடம் சொன்னார், “அதுக்குப் புஸ்தகத்தில இருக்கற பதில் எனக்குத் தெரியும். ஆனா நான் அந்தச் செடியைப் பாத்ததில்லை. போய்ப் பாத்துட்டுப் பேசலாம்.” அவள் உட்கார்ந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

வருஷக் கடைசியில் நான்சிக்குக் கேள்விக்கான மார்க் முழுசாகப் போட்டிருந்தார். “சொந்தக் கேள்வி நாலுதானே சார்?” என்றேன். “பாக்கியெல்லாம் சொமந்துண்டு வந்தாளோல்லியோ” என்றார்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். எங்கள் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியாது என்று அமெரிக்கர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். கேட்டால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதன்பின் புதிய மாணவர் யார் வந்தாலும், கடைசிப் பத்து நிமிடம் உனக்கு மட்டுமில்லை என்று சொல்லித்தான் வகுப்புக்கு அனுப்பினேன்.

சொன்னபடி அந்த வருஷமே தேயிலைச் செடியைப் பார்க்க சார் வகுப்பையே பொன்முடிக்குக் கூட்டிப் போனார். கொண்டைஊசி வளைவுகளில் நான்சி வாந்தியெடுத்தபடி வந்தாள். செல்வியின் அம்மா முதுகில் கூடையோடு சரிவிலிருந்து இறங்கி வந்து சாரைக் கும்பிட்டாள்.

“எம்மக கிளாஸுல எப்படி சாரே?”

“ரொம்பக் கேள்வி கேக்கறா.”

அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மகளை ஒரு முறை முறைத்துவிட்டு, “மன்னிக்கணும் சாரே, இன்னிக்கே நான் கண்டிச்சு வைக்கேன்” என்றாள்.

“ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்கோ” என்றார் சார்.