கொச்சியில் பிடிமண் தேடிய மூக்கம்மாள்

ராயப்பன்பட்டியில் சேலையைச் செருகிக்கொண்டு, பார் வைத்த சைக்கிளில் பால் விற்கும் ஒரே பொம்பளை என் அத்தை மூக்கம்மாள். பாலில் தண்ணீர் கலக்க மாட்டாள். பேச்சில் சர்க்கரையும் கலக்க மாட்டாள். எட்டாவதோடு நான் நின்றபோது, "பள்ளிக்கூடம் பொழச்சுச்சு" என்றவள்.

அவள் மகன் விஜயகுமார் கொச்சியில் மூட்டை தூக்கினான். 2005-ல் ஒரு மிளகுக் கிட்டங்கியின் மாடியிலிருந்து விழுந்து செத்தான். உடம்பு வந்துவிட்டது. ஆனால் அகாலமாய்ப் போனவர்களை, விழுந்த இடத்தில் பிடிமண் எடுத்துவந்துதான் வீட்டுக்கு அழைப்போம். மண் வராதவரை அவன் அங்கேயே நிற்பான் என்று அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை.

இரண்டு வருடம் கழித்து, மஞ்சள் துணியோடு நாங்கள் போனபோது கிட்டங்கி பெரிய ஓட்டலாகியிருந்தது. காவலாளி விரட்டினான். அந்நேரம் வெள்ளைக்காரர்கள் சிலர் சைக்கிளில் வந்து நேரே உள்ளே போனார்கள். துறைமுகத்தின் பழைய கதை சொல்லி ஊர் சுற்றிக்காட்டும் கூட்டமாம். மறுநாள் நாங்களும் அவர்கள் கடையில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து அதில் சேர்ந்தோம்.

"எங்க அத்தை லோயர் கேம்ப் கரண்டாபீஸ்ல பெரிய ஆபீசர். சரித்திரம்னா உசுரு" என்று வழிகாட்டி ஜோசியிடம் அளந்துவிட்டேன்.

ஜோசி தெருத்தெருவாக நிறுத்தி, எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்தத் துரையை எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம் சொன்னார். அத்தை என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எம்மவன் இந்த வழியாத்தான மூட்டை சொமந்திருப்பான்?"

"ஆமா அத்தை." எனக்கென்ன தெரியும்?

கடைசியில் கிட்டங்கி. "இருநூறு வர்ஷமாயிட்டு மிளகு வச்ச இடம். ஒண்ணும் மாத்தலை" என்றார் ஜோசி.

மூட்டை இறக்கும் கப்பிக்கு நேர் கீழே விழுந்தான் என்று கூட வேலை பார்த்தவன் சொல்லியிருந்தான். கப்பி தொங்கியது. கீழே வழவழவென்று பளிங்குத் தரை. அத்தை உட்கார்ந்து இடுக்கெல்லாம் நகத்தால் நோண்டினாள். தூசிகூட இல்லை.

பூந்தொட்டியில் ஒரு கை மண் அள்ளி நீட்டினேன். "அத்தை, மூலையில கெடந்துச்சு."

மோந்து பார்த்தாள். "ஏலே, இது எருப்போட்ட மண்ணுடா."

திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மண்ணைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து, சைக்கிளின் பின்சீட்டைத் தட்டினாள்.

"விசயா, மண்ணு இல்லப்பா. ஏறிக்க."

பிறகு அவள் ஓட்டவில்லை. பின்னால் கனம் இருப்பதுபோல, மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தாள்.

கடையில் ஜோசி சைக்கிளைக் கேட்டபோது கைப்பிடியை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.