நானே பிய்த்த கூரை

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம். நாங்கள் கோட்டைக்குப்பத்தில் இருந்தோம். எதிர்வீட்டுக்காரனும் நானும் ஒரே படகில் ஏரிக்குப் போகிறவர்கள். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம், ஏரிக்கு மேலே இடி உருண்டுகொண்டிருந்தது. படகைக் கரையேற்றி நிமிர்ந்தால், தண்ணீரிலிருந்து ஒரு சுழல்காற்று எழுந்து குப்பத்துக்குள் நுழைகிறது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அதற்குள் ஏழெட்டுக் குடிசைகளைக் கலைத்துவிட்டது. எதிர்வீட்டுக் கூரையை மூங்கிலோடு தூக்கி ஏரியில் போட்டது. என் வீட்டில் முகட்டோலை நாலைந்து கிளம்பியிருந்தது, அவ்வளவுதான். பின்னாலேயே மழை கொட்டியது.

எதிர்வீட்டுக்காரி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். என் மனைவி அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மழை விட்டதும் தெருவில் ஒரு பேச்சு வந்தது. கூரை போனவர்களுக்குக் கோட்டையிலிருந்து மூங்கிலும் பனையோலையும் தருகிறார்களாம், பார்க்க ஆள் வருகிறதாம். என் கூரை மூங்கில் உளுத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் யாருக்கும் சொல்லாமல் பின்பக்கம் ஏறி, ஓலையைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே எறிந்தேன். உளுத்த மூங்கில் இரண்டை ஒடித்தேன். பிறகு குனிந்து உள்ளே பார்த்தேன். பின்னறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி, முகத்தில் விழுந்த ஓலைத்தூசியைத் துடைத்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

ஒரு வெள்ளைக்காரனும் அவன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷியும் வந்தார்கள். வெள்ளைக்காரன் என் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம். வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரியிடம் துபாஷி விசாரித்தான்.

"நான் உள்ளதாங்க இருந்தேன். காத்துதான் பிச்சினு போச்சு" என்றாள்.

மறுநாள் கோட்டை வாசலில் எனக்கு எட்டு மூங்கில் கிடைத்தது. ஏரியில் மிதந்த சாமான்களைப் பொறுக்கிவிட்டுக் கடைசியாக வந்த அவள் புருஷனுக்கு ஓலை மட்டும்தான் மிச்சம். மூங்கில் தீர்ந்துவிட்டது.

ஐந்து மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் போட்டேன். மீதி மூன்றையும் போட மனம் வரவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மார்கழியில் ஒருநாள் கரையில் அவள் தனியாக மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்று செய்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிரவில்லை.

"வுடுங்கண்ணே. கொழந்தைய மழையில நனையாம வெச்சினு இருந்தீங்க. அதுக்குதான் சொன்னேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாரு."

நான் சொல்லவில்லை. அவனோ, படகில் புது ஆள் ஏறும்போதெல்லாம், கோட்டையில் கிடைத்த மூங்கிலை அவனுக்குத் தூக்கிக் கொடுத்த மனுஷன் என்று என்னைக் காட்டுவான். நான் துடுப்பைப் போட்டுக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.