கிணற்றுக்கென்று பின்னிய நிஜார்

எந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் நான் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் உப்பா, நல்லதா என்று பார்க்கிறேன் என வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆள் இறங்கலாமா என்று பார்க்கிறேன். படி இருக்கிறதா, குதித்தால் சுவரில் இடிக்காத அகலம் உண்டா, நடுவில் எவ்வளவு வானம் கிடக்கிறது. நாற்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடி போட்டவள், நீந்தவும் தெரியாதவள். ஆனாலும் பார்க்கிறேன்.

இந்த ஏக்கம் என்னை ஆம்பூரில் பிடித்தது. வேலூர் விடுதிப் பள்ளியிலிருந்து கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பாலாறு மணலாய்க் கிடந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், கரும்புத் தோட்டத்தைத் தாண்டி, படி வைத்த பெரிய கிணறு ஒன்று. அண்ணனும் தெருப் பையன்களும் பகல் முழுக்க அதில்தான். அவர்கள் குதிக்கிற சத்தம் எங்கள் அடுப்படி வரை வரும். தொம். அப்புறம் ஒரு நிசப்தம். அப்புறம் சிரிப்பு. சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த நிசப்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்நேரம் தண்ணீருக்கடியில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

"நானும் எறங்கறேன்மா."

"பாவாடையோடவா? காத்து பூந்து மேல வரும், அப்பறம் கால்ல சுத்திக்கும். வேணாம்டி."

"அண்ணன் மட்டும் போறானே."

"அவன் நிஜார் போட்னு போறான்."

அம்மா யோசிக்காமல் சொன்னதுதான். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் குற்றம் பாவாடைமீது. ஒரு நிஜார் இருந்தால் போதும், கிணறு எனக்கும் உண்டு.

அண்ணனிடம் கேட்டேன். "நீ போட்டத நான் அப்பறம் போடுவனா? போடி" என்றான். கடைத்தெருவில் தையற்கார பாயிடம் போனேன்.

"யாருக்கு பாப்பா? தம்பிக்கா? தம்பிய இட்டா, அளவு எடுக்கணும்."

"என் அளவே எடுங்க பாய்."

அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேஜார் பண்ணாத பாப்பா. உங்கப்பா எனக்கு தோஸ்த்து."

மிஞ்சியது என் கொக்கி ஊசி. பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி எங்களுக்கு அதில் பின்னக் கற்றுத் தந்திருந்தார். தட்டு விரிப்பு, சட்டைக் கழுத்துக்கு லேஸ், பால் செம்பின் வாய்க்கு மணி கோத்த மூடி. எல்லாம் சீமையில் விற்கக் கப்பலேறிப் போகும். எங்கள் உடம்புக்கென்று நாங்கள் ஒன்றும் பின்னியதில்லை, அப்படி ஒரு நினைப்பே எழுந்ததில்லை. குடியாத்தத்திலிருந்து லுங்கி விற்க வரும் அம்மாளின் மகள் ரவிக்கைக்கு லேஸ் பின்னிக் கொடுத்தேன். பதிலுக்குத் தறியில் மிஞ்சிய வெள்ளை நூலைக் கேட்டு வாங்கினேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பு மூடி. சுற்றிச் சுற்றிப் போகிற பின்னல். உச்சி இல்லாத பெரிய மூடிகள் இரண்டைப் பின்னி, மேலே ஒன்றாய்ச் சேர்த்தால் நிஜார் ஆகாதா? வெயில் ஓட்டின்மேல் பழுக்க, விரல் வியர்த்து ஊசி வழுக்க, அடுப்படி வாசலில் உட்கார்ந்து பின்னினேன். ஒவ்வொரு தொம்முக்கும் ஒரு கண்ணி தவறும்.

"இன்னாடி இது, மீன் வலையா?"

"நிஜார்."

அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஓட்ட ஓட்டையா கீதே. தண்ணி உள்ள பூந்துடுமே."

"பூந்து அப்பிடியே வெளிய போய்டும். பாவாடை மாதிரி காத்து நிக்காது."

திட்டப்போகிறாள் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் அந்த ஓட்டைகள் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நெருக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முடித்தேன். இடுப்பில் கச்சிதமாய் நின்றது. வெள்ளை நனைந்தால் உடம்பு தெரியும் என்பதுதான் மிச்சமிருந்த கவலை. அதற்கு அப்பா கை நீட்டினார். "குடும்மா, சாயம் ஏத்தி எடுத்துனு வர்றேன்."

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைப்பார். என் நிஜாரையும் தொட்டியில் முக்கினார். நல்ல மண் நிறம் ஏறியது. அதோடு விட்டிருக்கலாம். ஈரமாய் எது கைக்கு வந்தாலும் இழுத்து ஆணியடிக்கிற கை அது. காயும்போது சுருங்கும், ஆகவே இப்போதே எவ்வளவு முடியுமோ அவ்வளவு இழுத்துவிட வேண்டும், மிச்சத்தை அதுவே உள்வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. தோல் உள்வாங்கும். நூல் இழுத்த இழுப்பில் அப்படியே நின்றுவிட்டது.

இடுப்பில் வைத்துக் கையை எடுத்தேன். கணுக்காலில் கிடந்தது.

"ரெட்ட மாட்டு வண்டிடி இது. இன்னும் ரெண்டு பேர ஏத்திக்கலாம்" என்றான் அண்ணன்.

"தோலுன்னா சுருங்கி வந்துருக்கும்மா" என்றார் அப்பா, பலகையிடம் சொல்வதுபோல. அவரை என்ன சொல்ல? திங்கட்கிழமை எனக்கு வேலூருக்கு ரயில். பிரித்துப் பின்ன நாள் இல்லை. அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தலைவலி என்றாள். "நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க. பாப்பா என்னோட இருக்கட்டும்." அப்பாவும் அண்ணனும் சர்ச்சுக்குப் போனார்கள். பையன்கள் எல்லோரும் எண்ணெய் தடவிய தலையோடு ஜெபத்துக்குப் போயிருப்பார்கள். கிணறு தனியாக இருக்கும் ஒரே வேளை அது.

அம்மா கொடியிலிருந்து நிஜாரை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது புடவை கட்டித்தான் இருந்தாள். "வாடி" என்றாள். எனக்குத்தான் நாடா போட்டுக் கட்டிவிடப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

கிணற்றின் மேல்படியில் நின்று புடவையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். ரவிக்கையும் அந்த மண்நிற நிஜாருமாய் நின்றாள். என் அம்மாவுக்கு முழங்கால்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"எங்கூரு திமிரி ஏரியில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போவேன். எங்கண்ணனுங்கல்லாம் எனக்குப் பின்னாடிதான்" என்றாள். "கல்யாணம் ஆச்சு. அத்தோட சரி."

தொம்.

நிசப்தம். கரும்புக்கு அப்பால் கோயிலில் ஞானப்பாட்டு ஆரம்பித்திருந்தது. புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, வளையங்கள் விரிந்து சுவரைத் தொடுவதைப் பார்த்தபடி நின்றேன்.

கிணற்றின் அந்தப் பக்கம் தலை எழுந்தது. "அடியில ஜில்லுனு கீதுடி" என்றாள். அந்தக் குரலை அடுப்படியில் நான் கேட்டதே இல்லை. மல்லாந்து மிதந்தாள். ஓட்டைகள் வழியே தண்ணீர் புகுந்து புறப்பட்டது, நான் சொன்னபடியே. பாட்டு நின்று பிரசங்கமும் முடிகிறவரை அவள் கரைக்கு வரவில்லை.

தண்ணீர் தொடும் படிவரை இறங்கினேன். "எனக்கும்மா?"

"இது உனக்கு நிக்காது. அடுத்த வருஷம் உன் அளவுக்குப் பின்னி எடுத்துனு வா. நான் புடிச்சிக்கறேன்." தண்ணீருக்குள்ளிருந்தபடியே என் கணுக்காலைப் பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்து விட்டாள். அந்தப் பிடி இன்னும் காலில் இருக்கிறது.

அந்த வருஷம் முழுக்க நெருக்கமாய்ப் பின்னி எடுத்துப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து காது கொடுத்தேன். சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் ஊறி ஊறிக் கிணறு மண் நிறமாகியிருந்தது. அப்பா ஏற்றிய அதே சாயம். ஓரமெல்லாம் உப்பு நுரை. அம்மா என் பின்னால் வந்து நின்றாள்.

"வேற கெணறு பாக்கலாம்" என்றாள்.

பார்த்தோம். கிடைப்பதற்குள் எனக்குக் கல்யாணம். அப்புறம் ஊர் ஊராய் மாற்றல். அம்மாவும் போய்விட்டாள். என் அளவுக்குப் பின்னியது எந்த ஊர்ப் பரணிலோ தங்கிவிட்டது. அப்பா ஆணியடித்து இழுத்தது மட்டும் என் டிரங்குப் பெட்டியின் அடியில், ஆவாரம்பட்டை வாசனையோடு, வந்துகொண்டே இருக்கிறது.

போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தேன். நாடா இல்லாமலே இடுப்பில் நின்றது.

சாப்பிடும்போது அவரிடம், வேறு வீடு பார்க்கலாம் என்றேன்.

"இந்த வீட்டுக்கு இன்னா கொறச்சல்?"

"கெணத்துல படி இல்ல" என்றேன்.