படத்தில் இல்லாத மாதுளை முத்து

டயாலிசிஸ் அறையின் டிவி பாதிப் படத்தில் அணைந்துபோன நிமிடத்தில்தான் அந்த யோசனை வந்தது: மீதியை நானே அம்மாவுக்குச் சொன்னால் என்ன?

தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டுப் படம். கிரேக்கப் புராணங்களை வைத்து எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது. குடும்பத்தோடு பார்க்கிற மாயாஜாலக் கதை. காற்றுத் தெய்வத்துக்குப் பிறந்த பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி, பாதாளத்தில் சிறைப்பட்ட தன் அம்மாவை மீட்கப் போகிறாள். வெளிவந்த அன்றே பார்த்தவன் நான். நாவல்களையும் இரண்டிரண்டு நாளில் ஓட்டமாகப் படித்து முடித்தவன்.

"காத்துக்கு ஒரு சாமியாப்பு? காத்தையும் கடலையும் அதட்டுனவரு நம்மாளு ஒருத்தர்தான்" என்றாள் அம்மா. சர்ச்சில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். ஆனாலும், "சரி, சொல்லு" என்றாள்.

செவ்வாய், வியாழன், சனி. சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் திண்டுக்கல் வருவோம். அம்மாவின் இடது கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். ஒரு மாதமாக அம்மா, "போதும்ப்பு, நிப்பாட்டிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் பத்து நாள் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

கதையில் பாதாளத்தின் வாசல்வரை வந்தேன். மூன்று தலை நாய் காவல் நிற்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி. அவருக்கும் அம்மாவைப் போல, ஒரு நாளுக்கு இத்தனை டம்ளர் என்று தண்ணீர் அளந்துதான்.

"ஏனுங்க தம்பி, அந்த நாய்க்குத் தலைக்கு எத்தனை டம்ளர் தண்ணிங்க?"

அம்மா சிரித்ததில் குழாய் ஆடியது. நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள எதையும் வாயில வச்சுறக் கூடாதும்மா. ஒரு மாதுளை முத்து தின்னாலும் திரும்பி வர முடியாது."

"அங்கயும் மாதுளை ஆகாதா?"

அம்மாவுக்கு மாதுளை, வாழைப்பழம், இளநீர் எதுவும் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை மரங்கள் காய்த்துத் தொங்குகின்றன.

அந்த வாசலிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சனிக்கிழமைக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். எனக்கு எதிலும் அவசரம். அந்தத் தாய் பசியை அடக்கிக் கடைசிவரை எதையும் தின்னவில்லை, மகள் புயலாக நுழைந்து மேலே தூக்கி வந்துவிட்டாள் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

"தின்னாம இருந்தா, வெளிய வந்துட்டா. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தாம்மா."

அம்மா மேலே ஓடிய காற்றாடியைப் பார்த்தாள்.

"நானும் ஒண்ணரை வருசமாத் தின்னாமத்தான் இருக்கேன். எங்க வந்தேன்?"

வியாபாரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது, பஸ் செம்பட்டியைத் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "சனிக்கிழமை வரல. அன்னைக்கு ஒரு இளநி வெட்டிக் குடு, போதும்." கேட்ட தொனியில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அரிவாளை எடுத்துப் பரண்மேல் போட்டேன். பிறகு முதல் நாவலை மறுபடி எடுத்தேன். ஓட்டமாகப் படித்த பக்கங்களில் எதையெல்லாம் தாண்டியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. படத்தில் முடிவை மாற்றியிருக்கிறார்கள். நாவலில் அந்தத் தாய் தின்றுவிடுகிறாள். பசி தாளாமல் மூன்று முத்து. அதனால் வாரத்தில் மூன்று நாள் அவள் கீழே போக வேண்டும். நான்கு நாள் மேலே. சாகும்வரை அப்படித்தான். மகளால் அதை மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வாசல்வரை கூடப் போய், அவள் வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

இது அம்மாவுக்கு ஆறுதலா, இன்னொரு அடியா, தெரியவில்லை. நாளை விடியலில் அவளிடம் முழுக்கச் சொல்ல மாட்டேன். "படத்துல பொய் சொல்லிட்டாங்கம்மா, அவ தின்னுட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு மீதியைக் கேட்க அவள் வருவாளா என்று பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கப்போகிறேன்.