கிழங்கு இல்லாத தாள்

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கணபதி ஏரியாவில் இருக்கும் பழனிச்சாமி அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. அண்ணனின் மனைவி பேசினார். "அவரு போயிட்டாருங்க அம்மணி. ஈ.சி.ஜி. எடுக்கறப்பக்கூட அந்தக் கோடு எதனால வளையுதுன்னு டாக்டரைக் கேட்டுப்போட்டுத்தானுங்க கண்ணை மூடுனாரு." அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவரை அறிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் தாவரக் காப்பகத்தில் செடிகளை உலர்த்தித் தாளில் தைத்து, லேபிள் தட்டச்சு செய்வது அவர் வேலை. படித்தது பத்தாவது. புதிதாக ஒரு செடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன் பெயரைக் கேட்க மாட்டார். "இதை மொதல்ல யாருங்க காட்டுனது?" என்பார். டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் காப்பகத்துடன் சேர்ந்து ஆனைகட்டிப் பக்கம் காட்டுக் கிழங்குகளைப் பதிவு செய்தோம். அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார்; செடிகளை உலர்த்த அண்ணனும் கூட வந்தார். வழி காட்டியவர் ரங்கி என்ற இருளர் பெண். அவர் சரி என்றால்தான் ஊரில் மற்றவர்கள் எங்களுடன் காட்டுக்குள் வருவார்கள். முதல் நாளே நான் காரியத்தைக் கெடுத்தேன்.

காப்பகத்துக்குச் செடி முழுசாக வேண்டும், வேர் முதல் பூ வரை. அப்படித்தான் எனக்குப் பாடம். ரங்கி அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில் ஒரு கொடியைக் கிழங்கோடு, துளி மிச்சமில்லாமல் தோண்டி ஈரச் சாக்கில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் ரங்கி வரவில்லை, ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆய்வாளர் கூலி போதவில்லையோ என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு.

அண்ணன் மட்டும் ரங்கியின் வீட்டுக்குப் போய், "என்ன தப்புங்க பண்ணிப்போட்டோம்?" என்று கேட்டிருக்கிறார். நான் விட்டுவந்த வெறும் குழியை ரங்கி பார்த்திருந்தார். கிழங்கு எடுத்தால் கொடியோடு ஒட்டிய தலையை வெட்டி அதே குழியில் வைத்து மூடிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். "தலையையும் கொண்டுபோயிட்டா அடுத்த வருசம் நாங்க எதைத் தோண்டறது?" என்றாராம் ரங்கி.

அண்ணன் திரும்பி வந்து சாக்கை எடுத்தார். நான் தடுத்தேன். "கிழங்கில்லாட்டி தாள் குறையாப் போயிரும் அண்ணா."

"தாள்தானுங்க குறையும் அம்மணி. வாங்க, வச்சுப்போட்டு வந்தர்லாம்."

மூன்று பேரும் போனோம். ரங்கி நின்று பார்க்க, நான் தோண்டிய குழியில் நானே கிழங்கைத் தலையோடு வைத்து மண் தள்ளினேன். ஆய்வாளர் முகம் சிவந்து ஒரு கை மண் போட்டார். அதற்கு அடுத்த நாள் ஊர் எங்களோடு வந்தது.

இலையும் பூவும் மட்டும் இருந்த அந்தத் தாளின் லேபிளில் 'காட்டியவர்: ரங்கி. கிழங்கு, அவர் சொன்னபடி, திரும்ப நடப்பட்டது' என்று அண்ணன் தட்டச்சு செய்தார். கீழ்ப்பாதியைக் காலியாக விட்டார். அதே கொடியிலிருந்து செய்த இணைத் தாள் அந்த வெளிநாட்டுக் காப்பகத்துக்குக் கடல் தாண்டிப் போனது. மாதிரி முழுமையாக இல்லை, கிழங்கை அனுப்பவும் என்று அங்கிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணன் பதில் எழுதச் சொன்னது ஒரே வரி: "கிழங்கு வளர்ந்துகொண்டிருக்கிறது, வந்து பார்க்கலாம்." அதன் பிறகு அங்கிருந்து வந்த படிவங்களில் காட்டியவர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. அதை ஊரெல்லாம் காட்டினார் மனிதர்.

அண்ணனின் காரியம் முடிந்த மறுவாரம் ஆனைகட்டிக்குப் போனேன். "அவரு வரலையா?" என்றார் ரங்கி. சொன்னேன். என்னை அந்தக் கொடியிடம் கூட்டிப்போய்த் தோண்டினார். கிழங்கை என் கையில் தந்து, "அவரு வீட்டுல குடு" என்றார்.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தத் தாளின் காலிப் பாதி. ரங்கி சொல்லக் காத்திராமல், இந்த முறை தலையை நானே வெட்டி அதே குழியில் வைத்து மூடினேன்.